படத்தில் தெரிகிற இடத்தை அப்படியே எடுத்துவிட முடியாதா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாய்மாமா கேட்டிருக்கிறார்: "அக்கா மகளுக்கு 19 வயது. ஏழு வயதிலிருந்து வலிப்பு. வலது கை இழுக்கும், வாய் கோணும், சில நிமிடம் பேச்சு வராது; ஆனால் நினைவு இருக்கும். மூன்று மருந்து பார்த்தாகிவிட்டது. எம்ஆர்ஐயில் இடது முன்மூளையில் 'ஃபோக்கல் கார்டிகல் டிஸ்பிளேசியா' இருக்கிறது, அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். அதற்கு முன் மூளையை 'மேப்பிங்' செய்ய வேண்டுமாம். மண்டைக்குள் கம்பி வைத்து இரண்டு வாரம்கூடப் படுக்க வேண்டியிருக்குமாம். கெட்ட இடம் படத்திலேயே தெரிகிறதே, எடுத்துவிட வேண்டியதுதானே? பிறவியிலேயே கெட்டுப்போன இடத்தில் என்ன வேலை நடக்கப்போகிறது? அக்காவுக்கு ஒரே பயம், இவள் தமிழை மறந்துவிடுவாளோ என்று."

முதலில் என்னைப் பற்றி. நான் அறுவை மருத்துவர் அல்ல. வலிப்பு அறுவை சிகிச்சைக் குழுக்களில் பேச்சையும் நினைவாற்றலையும் சோதிக்கும் நரம்பியல் உளவியலாளர். கத்தி பிடிப்பவருக்குப் பக்கத்தில் பட அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவையின் நுணுக்கத்தை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். "என்ன வேலை நடக்கப்போகிறது" என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் நான் விரிவாகப் பதில் சொல்ல முடியும். ஏனென்றால் அந்த இடத்தில் பல நேரம் வேலை நடக்கிறது. வலிப்பைக் கிளப்பிக்கொண்டே அதே இடம் விரலையும் அசைக்கும், சொல்லையும் எடுத்துக் கொடுக்கும்.

மூளைப்புறணி, அதாவது மூளையின் மேல் அடுக்கு, உருவாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது புரியும். கருவில், மூளையின் நடுவில் இருக்கும் நீரறைகளின் ஓரத்தில்தான் நரம்பணுக்கள் பிறக்கின்றன. அங்கிருந்து நீண்ட இழைகளைப் பிடித்துக்கொண்டு, தென்னையில் ஏறுவது மாதிரி, மேற்பரப்புக்கு ஏறி வருகின்றன. முதலில் வந்தவை உள்ளடுக்கில் உட்காரும். பின்னால் வருபவை அவற்றைத் தாண்டி மேலே போய் உட்காரும். ஆறு அடுக்கு இப்படித்தான் அமைகிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் பெரும்பாலும் முடிந்துவிடுகிற வேலை இது. ஏறுவது நடுவழியில் நின்றுபோனால் சாம்பல்நிறப் பொருள் உள்ளேயே கட்டிகட்டியாகத் தங்கிவிடும். அதற்கு ஹெட்டரோடோபியா என்று பெயர். ஏறி முடித்தபின் மடிப்புகள் குழம்பினால் சின்னச் சின்ன மடிப்புகள் நெருக்கியடித்து நிற்கும், அது பாலிமைக்ரோகைரியா. அடுக்குகளும் அணுக்களுமே தாறுமாறானால் டிஸ்பிளேசியா. உங்கள் அக்கா மகளுக்கு இருப்பது இந்தக் கடைசி வகை. 1971இல் டெய்லரும் அவருடைய சகாக்களும் இதை முதலில் விவரித்தார்கள். இதன் இரண்டாம் வகையில், நுண்ணோக்கியில் பார்த்தால், அளவுக்கு மீறிப் பெருத்த நரம்பணுக்கள் கோணல்மாணலாகக் கிடக்கும். சிலருக்கு அவற்றோடு பலூன் அணுக்கள் என்று அழைக்கப்படும் வெளிறிய உருண்டைகளும் இருக்கும்.

இந்த இடத்தில் அக்காவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தபோது கிரகணம் பார்த்ததாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ இது வரவில்லை. இரண்டாம் வகையில் பலருக்கு, கரு உருவான பின்பு ஏதோ ஓர் அணுவில் எம்டார் என்ற வளர்ச்சிப் பாதையைச் சேர்ந்த மரபணு ஒன்று பிசகி, அந்த அணுவின் வாரிசுகள் மட்டும் இப்படி ஆகின்றன. அம்மாவின் எந்தச் செயலும் அதற்குக் காரணமில்லை. ஆலோசனை அறையில் நான் பார்த்த தாய்மார்களில் பாதிப் பேர் இந்தக் குற்ற உணர்வோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கேட்காததால் அவர்களும் சொல்லவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முப்பது வயதில் மூளைக்கட்டி வருகிறது என்றால், வேலைப் பிரிவினை முடிந்த வீட்டுக்குள் வேற்றாள் ஒருவர் நுழைவது போல. இருப்பவர்களை மெல்லத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறது. பக்கவாதத்தில் திசு இறந்தே போகிறது. டிஸ்பிளேசியா அப்படி இல்லை. எந்த வேலை யாருக்கு என்று மூளை பங்கு போட்ட நாளிலேயே அதுவும் பந்தியில் உட்கார்ந்திருந்தது. அதனால் அதன் இலையிலும் ஏதாவது விழுந்திருக்கும்.

"பிறவிக் குறை என்றால் மூளை அந்த வேலையை வேறு பக்கம் மாற்றியிருக்குமே" என்று நினைப்பது இயல்பு. நானும் படிக்கும் காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 1996இல் மயாமியில் டுச்சோவ்னியும் குழுவினரும் மூளையின் மேல் மின்முனைகள் வைத்துப் பேச்சைத் தேடியபோது கிடைத்தது வேறு. வளர்ச்சிக் குறைபாடு இருந்தவர்களிடமும் பேச்சு பெரும்பாலும் வழக்கமான இடத்திலேயே, சில சமயம் குறைபாட்டின் மேலேயே இருந்தது. சிறு வயதில் பெரிய பகுதி அழிந்துபோனவர்களிடம்தான் அது இடம் மாறியிருந்தது. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. பழைய வீடு ஒழுகினாலும் குடியிருப்பவர் காலி செய்வதில்லை. இடிந்து விழுந்தால்தான் கிளம்புகிறார்.

ஆனால் எல்லாக் குறைபாடும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. இதை அறுவை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பலூன் அணு உள்ள டிஸ்பிளேசியா, எம்ஆர்ஐயில் ஃபிளேர் என்ற ஒருவகைப் படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அந்தப் பளிச்சிடும் பகுதியை மின்னால் தூண்டினால், கை அசைவதோ பேச்சு தடைபடுவதோ போல, பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை என்று 2002இல் கிளீவ்லாந்து மருத்துவர்கள் எழுதினார்கள். ஆனால் அதன் விளிம்பைத் தாண்டியதும், சில மில்லிமீட்டரிலேயே, கையோ பேச்சோ உயிரோடு இருக்கலாம். பலூன் அணு இல்லாத வகைகளில் குறைபாட்டின் உள்ளேயே வேலை நடக்கலாம். பாலிமைக்ரோகைரியாவில் இது இன்னும் அதிகம்: பார்க்க அலங்கோலமாக இருக்கும் அந்தப் புறணியேதான் கையை ஆட்டுகிறது. நீரறை ஓரத்தில் தங்கிப்போன ஹெட்டரோடோபியா கட்டிகள்கூட, சிலர் படிக்கும்போதும் விரலை அசைக்கும்போதும் ஸ்கேனில் ஒளிர்ந்திருக்கின்றன. மூளையில் பிளவு உள்ள ஸ்கிசென்செஃபலியில் வலது கையை வலது மூளையே ஓட்டுவதும் உண்டு. ஆக, "டிஸ்பிளேசியா" என்ற பெயரைப் பார்த்தோ எம்ஆர்ஐயைப் பார்த்தோ மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த ஒருவருடைய மூளையில் தேடித்தான் பார்க்க வேண்டும். எந்த வேலை எங்கே நடக்கிறது என்ற அந்தத் தேடலைத்தான் மேப்பிங் என்கிறார்கள்.

பாடப்புத்தகத்தில் பெரிய உதடும் பெரிய கட்டைவிரலுமாக ஒரு விகார மனித உருவம் மூளையின் மேல் படுத்திருக்குமே, அதன் முதல் வடிவம் 1937இல் மான்ட்ரியலில் பென்ஃபீல்டும் போல்ட்ரியும் வெளியிட்டது. அவர்கள் அதை வரைந்ததே, விழித்திருந்தபடி மூளை அறுவை செய்துகொண்ட நோயாளிகளைத் தூண்டிப் பார்த்துத்தான். பலரைச் சேர்த்து எடுத்த சராசரிப் படம் அது. சராசரியை வைத்து உங்கள் அக்கா மகளை வெட்ட முடியாது.

சோதனைகளில் முதலாவது செயல்பாட்டு எம்ஆர்ஐ. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடும். சில நொடி தாமதமாக அது படத்தில் தெரியும். வலது கை விரல்களை இருபது முப்பது நொடி தட்டச் சொல்வோம், பிறகு ஓய்வு, மறுபடி தட்டச் சொல்வோம். பேச்சுக்கு, திரையில் "மாம்பழம்" என்று காட்டி, அதை என்ன செய்வோம் என்று மனத்துக்குள்ளேயே சொல்லச் சொல்வோம்: சாப்பிடுவோம், நறுக்குவோம், பறிப்போம். வாய்விட்டுச் சொன்னால் தலை அசைந்து படம் கெடும். பேச்சு இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்க்க இது நல்ல கருவி. வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்குப் பேச்சு இடப்பக்கம்தான். ஆனால் சிறுவயது வலிப்புக்காரர்களிடம் மாறி இருப்பது அதிகம்.

இந்தப் படத்தை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒளிர்கிற இடமெல்லாம் அந்த வேலைக்கு இன்றியமையாதது என்று அர்த்தமில்லை. கல்யாண வீட்டில் ஓடியாடுபவர்கள் எல்லோரும் சமையற்காரர்கள் அல்லவே. ஒளிராத இடம் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. குறைபாடு உள்ள திசுவில் ரத்த ஓட்டத்தின் நடத்தையே மாறியிருக்கலாம். முந்தின இரவு வலிப்பு வந்திருந்தால் அதுவும் படத்தைக் குழப்பும். படத்தில் ஒளிரவில்லையே என்று தைரியமாக வெட்டுவது, இருட்டில் ஆள் இல்லை என்று நினைத்துக் கதவைச் சாத்துவது போலத்தான்.

எம்ஆர்ஐயிலேயே டிராக்டோகிராஃபி என்று ஒரு முறை இருக்கிறது. புறணிக்கு அடியில் ஓடும் நரம்புக் கற்றைகளை அது வரைந்து காட்டும். கை, காலுக்குப் போகும் கற்றையும் பேச்சுப் பகுதிகளை இணைக்கும் வளைந்த கற்றையும் குறைபாட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் ஓடுகின்றன என்பதை அறுவை மருத்துவர் கணினியில் பார்த்துக்கொண்டே வெட்ட இது உதவும். மேற்பரப்பைக் காப்பாற்றிவிட்டு அடியில் கம்பியை அறுத்தால் விளக்கு எரியாது அல்லவா. தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்துத் துடிப்பு கொடுத்து, கட்டைவிரல் எங்கே அசைகிறது என்று குறிக்கும் டிஎம்எஸ் கையசைவைத் தேட நல்லது. இடது மூளையைத் தட்டினால் இடது கை அசைகிறதா என்பதையும் அதில் பார்த்துவிடலாம். மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் எம்இஜி எல்லா மையங்களிலும் இருக்காது.

வாடா சோதனை என்று ஒன்று. பெயரைக் கேட்டு உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். ஜப்பானில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ஜூன் வாடா என்ற மருத்துவரின் பெயர் அது. தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைக் கழுத்துத் தமனிவரை கொண்டுபோய், மயக்க மருந்தைச் செலுத்தி, பாதி மூளையைச் சில நிமிடம் உறங்க வைப்பார்கள். இரண்டு கையையும் தூக்கி வைத்திருக்கச் சொல்வோம். இடது மூளை உறங்கியதும் வலது கை தொப்பென்று விழும். அந்தச் சில நிமிடத்துக்குள் பேச்சையும் நினைவையும் சோதித்துவிட வேண்டும். இப்போது செயல்பாட்டு எம்ஆர்ஐ தெளிவாக இருந்தால் பல இடங்களில் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். நோயாளிக்கும் சோதிப்பவருக்கும் அதைவிட வியர்க்க வைக்கும் ஐந்து நிமிடம் வேறில்லை.

இப்போது அக்காவின் பயத்துக்கு வருவோம். தமிழ்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடுதான். அதனால் எந்த மருத்துவமனை அலமாரியிலும் தமிழ்ப் பட அட்டைக்கட்டு தயாராக உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் "ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாரே" என்று ஆங்கிலத்திலேயே சோதித்துவிடுவார்கள். ஆனால் இரண்டு மொழி பேசுபவரின் மூளையில் இரண்டுக்கும் பொதுவான இடங்களோடு, ஒரு மொழிக்கு மட்டும் தடை ஏற்படும் இடங்களும் இருக்கலாம் என்று 1978லேயே ஓஜமன், விட்டேக்கர் இருவரும் மூளையைத் தூண்டிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பள்ளியில் ஆங்கிலம், பாட்டியிடம் தமிழ் என்று வளர்ந்த பெண்ணை ஒரு மொழியில் மட்டும் சோதிப்பது, இரண்டு அறை வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் விளக்குப் போட்டுப் பார்ப்பதுதான். தமிழிலும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது சலுகை இல்லை.

தமிழில் சோதிப்பதிலும் சிக்கல் உண்டு. நான் செய்த தவறையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்குப் படங்களைக் காட்டினேன். முதல் நாள் "வணக்கம் ஐயா, தங்கள் பெயர் என்ன" என்று மேடைப் பேச்சுக் கணக்கில் ஆரம்பித்துவிட்டேன். படத்துக்குப் படம் அவர் தயங்கினார். கரண்டிப் படத்துக்கு ஆறு நொடி. துடைப்பத்துக்கு எட்டு நொடி. சொல் எடுப்பதில் குறைபாடு என்று குறித்துக்கொண்டேன். கடைசியில் அவர் மெதுவாகக் கேட்டார்: "கரண்டின்னே சொல்லலாமா, இல்ல நல்ல தமிழ்ல சொல்லணுமாம்மா? அகப்பைன்னு ஒரு வார்த்தை இருக்கு." அவருக்குச் சொல் வராமல் இல்லை. பரீட்சை என்று நினைத்துத் தூய தமிழைத் தேடிக்கொண்டிருந்தார். துடைப்பத்துக்கு அவர் வீட்டில் விளக்கமாறு. அன்றைய தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுநாள் "என்ன ஐயா, சாப்டீங்களா" என்று ஆரம்பித்தேன். ஒரு நொடியில் சொன்னார் எல்லாவற்றையும்.

அதிலிருந்து, மூளையை மின்னால் தூண்டிப் பேச்சைச் சோதிப்பதற்கு முன்பே நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைக் காட்டி, அவரவர் வாயில் பளிச்சென்று வரும் சொல்லையே சரியான விடையாக எழுதிக்கொள்கிறேன். தயங்கிய படங்களைக் கட்டிலிருந்து எடுத்துவிடுவேன். குடைக்கு "அம்ப்ரெல்லா" என்றுதான் வருமென்றால், அந்தப் படம் ஆங்கிலக் கட்டுக்குப் போகும். பனிமனிதன் படத்தை யாருக்குமே காட்டுவதில்லை.

மண்டைக்குள் கம்பி என்று பயந்தீர்களே, அதைப் பார்ப்போம். ஸ்டீரியோ இஇஜி என்பது அதன் பெயர்; இஇஜி என்றால் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது, இதில் உள்ளிருந்தே பதிவு செய்கிறோம். பாரிசில் தலைராக், பான்கோ இருவரும் 1950களில் உருவாக்கியது. முழு மயக்கத்தில், மண்டையோட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளைகள் போட்டு, இடியாப்ப இழை பருமனுள்ள மின்முனைகளை உள்ளே இறக்குவார்கள். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு, சிலருக்குக் கூடுதல். ஒவ்வோர் இழையிலும் பல உலோக வளையங்கள் இருக்கும். ஒவ்வொரு வளையமும் ஒரு காது, தேவைப்பட்டால் ஒரு விரல். ரத்தக்கசிவு ஆபத்து ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு. சிறிய எண்தான், ஆனால் பூச்சியம் இல்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் அதைப் பற்றிக் கேளுங்கள். மடிப்பின் அடியாழத்தில் ஒளிந்திருக்கும் டிஸ்பிளேசியாவை எட்ட, மேற்பரப்பில் விரிக்கும் மின்முனைத் தகட்டைவிட இந்த இழைகள் வசதி.

முதல் சில நாட்கள் மருந்தைக் குறைத்து வலிப்பு வரக் காத்திருப்போம். உங்களுக்கு விசித்திரமாக இருக்கும்: வார்டில் வலிப்பு வந்தால் நாங்கள் நிம்மதி அடைவோம். வலிப்பு எந்த வளையத்தில் முளைக்கிறது என்று பிடித்தபின் மருந்தை மறுபடி கொடுத்து, அதன்பிறகு தூண்டல். மூளைக்கு வலி தெரியாது.

ஓர் அமர்வு எப்படி இருக்கும் என்றால், நோயாளி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், தலையில் கட்டு. நான் எதிரே படங்களோடு. பின்னால் இஇஜி திரையைப் பார்த்துக்கொண்டு மருத்துவர். எப்போது மின்சாரம் போகிறது என்று நோயாளிக்குத் தெரியாது. பெரும்பாலும் நொடிக்கு 50 துடிப்பு, ஒரு மில்லிஆம்பியரில் தொடங்கி மெல்ல மேலே ஏற்றுவோம். படத்தைப் பார்த்து வெறும் பெயரைச் சொல்லாமல், "இது சீப்பு" என்று சொல்லச் சொல்வேன். "இது" என்ற சொல் முன்னால் நிற்பது எனக்குப் பெரிய உதவி. "இது" வந்து, பெயர் மட்டும் வராமல் போனால், சொல்லைத் தேடும் இடத்தில் தடை. "இது"வே வராவிட்டால், நாக்கையும் குரலையும் ஓட்டும் இடம். நாக்கை மடக்கிக் காட்டச் சொல்லி அதையும் உறுதி செய்துகொள்வேன்.

ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தார்: "இது வாளி. இது சீப்பு. இது... இது... மழை பெஞ்சா பிடிப்போமே..." மின்சாரம் நின்ற மறுநொடி: "குடை! குடைதான். ஏன் வரலன்னு தெரியல." அதே வளையம், அதே அளவு மின்சாரம், ஆங்கிலக் கட்டு: தங்குதடையில்லாமல் போய்க்கொண்டே இருந்தார். மறுபடி தமிழ்: கிளிப் படத்தில் நின்றார். மூன்று முறை பார்த்து, இரண்டு முறையாவது தடை வந்தால்தான் கணக்கில் எடுப்போம். அந்த வளையம் டிஸ்பிளேசியாவின் விளிம்பில் இருந்தது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால் பச்சைக்கொடி காட்டியிருப்போம்.

ஒரு கண்ணி இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தியும் புறணி தானாகத் துடித்துக்கொண்டே இருப்பது உண்டு. டிஸ்பிளேசியா உள்ள இடத்தில் இது சுலபமாக வரும். அந்தத் துடிப்பு பக்கத்து இடங்களுக்குப் பரவும்போது பேச்சு நின்றால், தப்பு அந்த வளையத்துடையதா பக்கத்து வீட்டுடையதா என்று சொல்ல முடியாது. அந்த முடிவைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான். அது முழு வலிப்பாக மாறினால் நிறுத்த ஊசி மருந்து கட்டிலருகே தயாராக இருக்கும். இன்னொரு பக்கம், தூண்டியபோது "ஆமா, எப்பவும் இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்று நோயாளி சொன்னால், அது தங்கம். வலிப்பின் வேரைத் தொட்டிருக்கிறோம். சிறு பிள்ளைகளிடமும் குறைபாடுள்ள புறணியிலும் எதையும் அசைக்கக் கூடுதல் மின்சாரம் தேவைப்படலாம். குறைந்த அளவில் தூண்டி "ஒன்றும் இல்லை" என்று எழுதினால், இல்லாதது வேலையா மின்சாரமா என்று தெரியாது.

வரைபடம் கையில் வந்தாலும் அது முடிவைச் சொல்லாது. பராட்டா கடையில் மாவு வீசும் இளைஞர் ஒருவர் வந்தார். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். வலிப்பு முளைக்கும் வளையமும் வலது கட்டைவிரல் துடித்த வளையமும் ஒன்றே. எடுத்தால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு. விரல்களின் நுண்ணசைவு போய்விடும், முழுதாகத் திரும்பாது. வாய், முகம் அசைக்கும் பகுதி என்றால் இரண்டு பக்க மூளையும் அதை ஓட்டுவதால் பெரும்பாலும் தேறிவிடும். கைவிரலுக்கு அந்தச் சலுகை இல்லை. "மாசம் ரெண்டு தடவ இழுத்தாலும் பரவால்ல டாக்டர், கைய விட்டுடுங்க" என்றார். கையை விட்டுவிட்டு முன்பகுதியை மட்டும் எடுத்தார்கள். வலிப்பு முழுதாக நிற்கவில்லை, குறைந்தது. அது தவறான முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை. தினமும் மயங்கி விழும் இன்னொருவர் அதே வரைபடத்தோடு வேறு முடிவு எடுத்திருக்கலாம்.

முழுதாக எடுப்பது ஏன் முக்கியம் என்றும் சொல்ல வேண்டும். டிஸ்பிளேசியா அறுவையில் வலிப்பு நிற்குமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, குறைபாட்டை முழுதாக எடுத்தோமா என்பதுதான். இரண்டாம் வகையில் முழுதாக எடுக்க முடிந்தவர்களில் பத்துக்கு ஆறேழு பேர் வலிப்பில்லாமல் இருக்கிறார்கள். மிச்சம் வைத்தால் அந்த எண் சரிந்துவிடும். ஒரு பக்கம் மிச்சம் வைக்காதே என்கிறது, மறுபக்கம் தொடாதே என்கிறது. மேப்பிங் இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்று அளந்து சொல்கிறது. இடமே இல்லை என்றால், மின்முனை வழியாகவே சூடாக்கிப் பொசுக்குவது, லேசர், கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி என்று வேறு வழிகளைப் பேசுவார்கள்.

நான்காவது மருந்தைப் பார்க்கலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பொருத்தமான இரண்டு மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால் மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010இல் வரையறுத்தது. அதற்குமேல் மாற்றுகிற மருந்து முழுதாக நிறுத்துவது மிகச் சிலருக்குத்தான். காத்திருப்பதற்கும் விலை உண்டு. வலிப்புள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் வேறு காரணமின்றித் திடீரென்று இறக்கிறார். அடங்காத வலிப்பில் அது கூடுதல். பயமுறுத்தச் சொல்லவில்லை, தராசின் இரண்டு தட்டிலும் எடை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று: குறைபாடு நடுக்கோட்டை ஒட்டி, முன்மூளையின் உட்பக்கச் சுவரில் இருக்கிறதா? அங்கே அசைவைத் தொடங்கிவைக்கும் பகுதி ஒன்று உண்டு. அதை எடுத்தால் மறுநாள் பேச்சே வராது, வலது கை கால் அசையாது. குடும்பம் அலறிவிடும். ஆனால் மற்ற பகுதிகள் நன்றாக இருந்தால் வாரக்கணக்கில், சிலருக்குச் சில மாதத்தில், அது திரும்பிவிடும். முன்பே தெரிந்தவர்கள் ஐசியூ வாசலில் பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள். தெரியாதவர்கள் நொறுங்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். முன்பே ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லாதது எங்கள் தரப்புக் குற்றம்.

உங்கள் நேரடிக் கேள்விக்கு: தமிழை மறந்துவிடுவாளா? தமிழ் முழுதாகப் போய் ஆங்கிலம் மட்டும் நிற்பது மிக அபூர்வம். முதல் சில வாரம் இரண்டு மொழியிலுமே சொல் தட்டுப்படத் தாமதமாகலாம். பேச்சுப் பயிற்சியாளர் வருவார். அவரிடமும் தமிழ் பேசுபவர் கிடைப்பாரா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் பயிற்சியை வீட்டில் தமிழில் தொடர அக்காவுக்குக் கற்றுத் தரச் சொல்லுங்கள்.

இங்கே பெரியவர்களுக்கு நேஷனல் நியூரோசயின்ஸ் இன்ஸ்டிட்யூட்டிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும், பிள்ளைகளுக்கு கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் வலிப்புக்கான தனிக் குழுக்கள் இருக்கின்றன. செலவைப் பற்றி முதல் சந்திப்பிலேயே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்த்துவிடுங்கள். மெடிஷீல்டு லைஃப் காப்பீடும் மெடிசேவ் சேமிப்பும் எவ்வளவு ஏற்கும், சலுகைக் கட்டண வார்டு கிடைக்குமா என்பதை அவர்தான் உங்கள் நிலைமைக்கேற்பக் கணக்கிட்டுச் சொல்வார்.

மேப்பிங்குக்கு வரும்போது சில சின்ன வேலைகள். வலிப்பு வருவதைக் கைத்தொலைபேசியில் எடுத்த காணொளி இருந்தால் கொண்டுவாருங்கள், முகமும் இரண்டு கையும் தெரிய வேண்டும். அவள் எந்தக் கையால் எழுதுகிறாள், எந்தக் கையால் சாப்பிடுகிறாள், சிறு வயதில் இடக்கையை அடித்து மாற்றினீர்களா என்பதைச் சொல்லுங்கள். சோற்றுக் கையை மாற்றிய கதை எங்களுக்கு முக்கியம். வீட்டில் யாரிடம் எந்த மொழி, கோபம் வந்தால் எந்த மொழி, கணக்குப் போடும்போது மனத்துக்குள் எந்த மொழி என்று அக்காவையும் அவளையும் தனித்தனியாக எழுதிவரச் சொல்லுங்கள். இரண்டு தாளும் ஒத்துப்போவதில்லை. இஇஜிக்கு முந்தின நாள் தலைக்குக் குளித்துவிட்டு வரட்டும். அக்கா ஆசையாகத் தேங்காய் எண்ணெய் தடவி அனுப்பிவிட வேண்டாம், மின்முனை ஒட்டாது.